வெல்லத்துக்கு வயிறு சரியில்லை

குன்றின் அடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய மடத்தில் விடிந்தது முதல் உச்சிவேளை வரை யாரும் பேசுவதில்லை. அன்று மாசிலாமணி பேசிவிட்டார்.

"அம்மா, பூனைக்கு வயித்தால போகுது."

தியானக் கூடத்தில் கண் மூடி உட்கார்ந்திருந்த நான்கு சீடர்களும் கண்ணைத் திறந்தார்கள். குருவும் திறந்தார்.

குருவுக்கு முப்பத்தாறு வயது. எல்லோருக்கும் அவர் அம்மா. மாசிலாமணிக்கு அறுபத்து மூன்று. நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவி இல்லாமல் போன வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர். அவரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். அம்மா அவரை ஐயா என்பார்.

வந்து நான்கு வருஷம் ஆகிறது. அவரைப் போல அசையாமல் உட்கார மடத்தில் வேறு யாராலும் முடியாது. ஒருமுறை கூடத்துக்குள் பாம்பு வந்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். பாம்பும் வெளியே ஓடியது. திரும்பி வந்து பார்த்தால் மாசிலாமணி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

இப்போது அவர் வேட்டி நுனியில் எதையோ பொதிந்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். வெல்லத்தின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. அச்சுவெல்லம் போல ஒரு நிறம் அதற்கு, அதனால் அந்தப் பெயர். மூன்று மாதத்துக்கு முன்பு மழைக்கு ஒதுங்கி வந்தது, பிறகு போகவில்லை.

"எத்தனை தடவை போச்சு?" என்று அம்மா கேட்டார்.

"அஞ்சு தடவை. அஞ்சாவது கூடத்துப் பாயில. ரெண்டு தடவை வாந்தி. கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்குது."

"முதல்ல பாயை வெளிய எடுத்துப் போடுங்க, யாராவது."

ஒரு சீடர் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தார். மடைப்பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் கோமளம் எழுந்து ஓடிப்போய் ஓமத் தண்ணீர் டம்ளரோடு வந்தாள். இன்னொருவர் மோர்ச் சட்டியைக் கொண்டுவந்தார். வேறொருவர் மாதுளம்பழத் தோலைத் தூக்கிக் காட்டினார். மௌனத்தைக் கெடுக்காமலே எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள்.

"எதுவும் குடுக்காதீங்க," என்றார் அம்மா. "நேத்து இது என்ன தின்னுச்சு?"

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட உட்காருமுன் இலையிலிருந்து முதல் பிடியை எடுத்து வேறு ஏதாவது ஓர் உயிருக்கு வைக்க வேண்டும். காக்கைக்கு வைக்கலாம், எறும்புக்கு வைக்கலாம், குளத்து மீனுக்குப் போடலாம். யாருக்கு வைத்தோம் என்பதை மட்டும் இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. கொடுத்ததைச் சொல்லிக்கொள்வது அங்கே அசிங்கம்.

"யாரும் பேச வேண்டாம்," என்றார் அம்மா. "நேத்து வெல்லத்துக்குப் பிடி வச்சவங்க கையை மட்டும் தூக்குங்க."

கோமளத்தின் கை மெல்ல மேலே போனது. அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவரின் கையும் மேலே இருந்தது. அதற்கடுத்தவர் கையும். நான்காவது கையும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாசிலாமணி பூனையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றதைத் தூக்கினார். இரண்டு விரல் காட்டினார்.

"ரெண்டு பிடியா?"

"பசிச்ச மாதிரி பாத்துச்சு அம்மா."

"எல்லார் முன்னாடியும் அப்படித்தான் பாத்திருக்கு." அம்மா தன் கையையும் தூக்கினார்.

நேற்று பௌர்ணமி. இலையில் முதலில் விழுந்தது, நெய் மிதக்கும் பால்பாயசம். ஆக ஏழு பிடி.

கோமளத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். மாசிலாமணிக்கு வரவில்லை. அவர் பூனையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏறி இறங்கியது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தார். அதுவும் வந்தது.

"என்ன செய்யலாம் அம்மா?"

"எனக்குத் தெரியாது ஐயா. தெரிஞ்சவங்ககிட்ட போவோம். கூடை எடுங்க."

*

பேருந்தில் மாசிலாமணி கூடையை மடியில் வைத்துக்கொண்டார். கூடைக்குள் அவருடைய துண்டு, துண்டுக்குள் வெல்லம். அம்மா பக்கத்து இருக்கையில், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி.

நடத்துநர் வந்தார். "சாமி, கூடையில என்ன? பிரசாதமா?"

"பூனை."

"பூனையா? அதான பாத்தேன். பிரசாதத்துல இப்படி வாசம் வராதே."

முன்னால் இருந்த இரண்டு பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். கூடையின் அடியிலிருந்து மாசிலாமணியின் வேட்டியில் ஈரம் இறங்கியது. அவர் அசையவில்லை. கூடையை நகர்த்தினால் அது விழித்துக்கொள்ளும் என்று நினைத்தார்.

"ஜன்னலத் திறந்து விடுங்கக்கா," என்று நடத்துநர் அந்தப் பெண்களிடம் சொன்னார். "சாமி, நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. சரியாயிரும், போங்க."

அவர் நகர்ந்த பிறகு மாசிலாமணி மெதுவாகக் கேட்டார்.

"இது நம்மள விட்டுப் போயிருமா அம்மா?"

"தெரியல."

"நீங்களே தெரியலன்னா எப்படி?"

"தெரியாததைத் தெரியலன்னுதான ஐயா சொல்லணும்."

"நல்லாயிரும்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"கண்டக்டர் சொல்லிட்டாரே. பயம் போச்சா?"

மாசிலாமணி துண்டுக்குள் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது. அரை மைல் தாண்டும் முன்பே மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

"நாலு வருஷம் உட்கார்ந்தது எல்லாம் ஒரு பூனை வயித்தோட போச்சும்மா," என்றார்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சிரிப்பது தோளில் தெரிந்தது.

"சிரிக்கிறீங்க."

"இல்லை ஐயா."

"பாம்புக்கு நான் பயப்படலை. எல்லாரும் பெரிசாச் சொல்றாங்க. அன்னைக்கு எனக்கு அது கடிச்சா என்ன, கடிக்காட்டி என்னன்னு இருந்துச்சு. இன்னைக்கு அப்படி இல்லையே. ஒரு கையளவு பிராணி. இதுக்கு ஏன் இந்தப் பாடு?"

அம்மா சிரிப்பை விட்டுவிட்டுத் திரும்பினார். பதில் சொல்வார் என்று மாசிலாமணி காத்திருந்தார்.

"அடுத்த நிறுத்தத்துல இறங்கணும்," என்றார் அம்மா. "கூடையை ரெண்டு பக்கமும் பிடிங்க."

*

கால்நடை மருந்தகத்தில் இரண்டு ஆடும் ஒரு கன்றுக்குட்டியும் முன்னால் நின்றன. மாசிலாமணி ஆடுகளின் சொந்தக்காரரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். நான்கு வருஷமாக யாரிடமும் எதுவும் கேட்காதவர்.

"கொஞ்சம் முன்னால விடுவீங்களா? புள்ளைக்கு முடியல."

அந்த ஆள் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். புள்ளையைப் பார்த்தார். கும்பிட்ட கையைப் பார்த்தார். ஆடுகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கன்றுக்குட்டிக்காரரும் விலகி வழிவிட்டார்.

மருத்துவர் ஜெசிந்தா பூனையின் பிடரித் தோலைக் கிள்ளி இழுத்து விட்டார். தோல் உடனே படியவில்லை, மெல்லத்தான் இறங்கியது.

"உடம்புல தண்ணி வத்தியிருக்கு. என்ன குடுத்தீங்க?"

"பால்பாயசம்," என்றார் மாசிலாமணி.

"பூனைக்கா?"

"ஏழு பிடி."

மருத்துவர் அம்மாவைப் பார்த்தார். "அதுல என்னுது ஒண்ணு," என்றார் அம்மா.

"பூனைக்குப் பாலே ஒத்துக்காது சார். பெரும்பாலும் வளர்ந்த பூனைக்கு அது செரிக்காது."

"எல்லாப் படத்துலயும் பூனை பால் குடிக்குதே டாக்டர்?"

"குடிக்கும். குடிச்ச பிறகு என்ன ஆச்சுன்னு படம் போட மாட்டாங்க."

தோலுக்கு அடியில் திரவம் ஏற்றினார். ஓர் ஊசி போட்டார். வெல்லம் கத்தக்கூட இல்லை. அது கத்தாதது மாசிலாமணிக்கு ஊசியைவிட வலித்தது.

"மனுஷங்க மருந்து எதுவும் குடுத்துராதீங்க. பால், தயிர், நெய் கிடையாது. கோழிக்கறியை உப்பு, மஞ்சள் இல்லாம வெறும் தண்ணியில வேக வச்சு, அந்தத் தண்ணியை ஸ்பூன்ல தொட்டுத் தொட்டு வைங்க. அது வயித்துல தங்குச்சுன்னா கறியை நார் நாராக் கிழிச்சுக் கொஞ்சம் குடுங்க."

"நாங்க சைவம் டாக்டர்," என்றார் மாசிலாமணி.

"சரி சார். அது?"

கன்றுக்குட்டி வெளியே கத்தியது.

"பொழுது சாயுறதுக்குள்ள தானா நாக்கை நீட்டிக் குடிச்சா பயம் இல்லை," என்றார் மருத்துவர். "குடிக்கலைன்னா காத்திருக்காதீங்க. உடனே திரும்பக் கொண்டு வாங்க. ட்ரிப்ஸ் போட்டு இங்கேயே வச்சுக்கணும்."

*

மடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே அம்மா இறங்கினார். மாசிலாமணியும் கூடையோடு இறங்கினார். சாலையோரத்தில் ஒரு கோழிக்கடை இருந்தது. அம்மா நேராகப் போய் வரிசையில் நின்றார்.

காவித் துணியைப் பார்த்ததும் வரிசையில் இருந்தவர்கள் தாங்களாகவே விலகினார்கள். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அம்மா, காய்கறிக் கடை அந்தப் பக்கம்."

"கோழிதான் வேணும் தம்பி. கால் கிலோ. தோல் இல்லாம, எலும்பு இல்லாம."

கடைக்காரர் மாசிலாமணியைப் பார்த்தார். மாசிலாமணி வானத்தைப் பார்த்தார்.

"பூனைக்கு வயிறு சரியில்லை," என்றார் அம்மா.

"அட, அப்படிச் சொல்லுங்க!" கடைக்காரர் முகம் தெளிந்தது. "நெஞ்சுக்கறி தாரேன். மெதுவா இருக்கும். பாயசம் கீயசம் குடுத்தீங்களா?"

"குடுத்தோம்."

"நெனச்சேன்."

கறியை வாழையிலையில் சுற்றி, மேலே செய்தித்தாளைச் சுற்றி, அதற்கு மேல் இன்னொரு தாளைச் சுற்றினார். "வெளிய தெரியாம கொண்டு போங்கம்மா. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

"தெரிஞ்சா தெரியட்டும் தம்பி. அவிழ்ந்து கீழ விழாம கட்டுங்க, அது போதும்."

வழியெல்லாம் பொட்டலம் அம்மாவின் கையில் இருந்தது. மாசிலாமணி இரண்டு அடி தள்ளி நடந்தார். பிறகு, அப்படி நடப்பது தனக்கே பிடிக்காமல், பக்கத்தில் வந்து நடந்தார்.

*

கோமளம் மடைப்பள்ளி வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, உங்களுக்குக் கும்பிடு. என் அடுப்புல மட்டும் வேண்டாம்."

"உங்க அடுப்பு வேண்டாம் கோமளம். ஒரு பழைய சட்டி குடுங்க. பின்பக்கம் கல்லு வச்சு அடுப்பு கூட்டிக்கிறோம்."

சட்டி வந்தது. பின்னாலேயே விறகும் வந்தது. அதன் பின்னால் கோமளமும் வந்தாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "உங்க ரெண்டு பேருக்கும் நெருப்பு மூட்டத் தெரியாது," என்று குனிந்து ஊதினாள்.

சட்டி கொதித்தது. பழக்கத்தில் கோமளம் கரண்டியை எடுத்தாள். "ருசி பாத்தாச்சா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பூனையே பாத்துக்கட்டும்," என்று கரண்டியைக் கீழே வைத்தாள்.

அறுபத்து மூன்று வருஷத்தில் மாசிலாமணி இறைச்சியைத் தொட்டதில்லை. ஆறிய துண்டை எடுத்து நார் நாராகக் கிழித்தார். ஒவ்வொரு நாரும் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. நூல் அளவுக்குக் கிழித்தார். அதில் ஒரு துண்டை மறுபடி இரண்டாகக் கிழித்தார்.

கூடையைத் திறந்தபோது அது காலியாக இருந்தது.

சட்டி கொதித்த நேரத்தில் வெல்லம் எழுந்து போயிருந்தது. எல்லோரும் தேடினார்கள். விறகு அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதன் கடைசியில் இரண்டு கண்கள் தெரிந்தன.

"முடியாமப் போனா பூனைங்க இப்படித்தான் ஒளிஞ்சுக்கும்னு சொல்வாங்க," என்றாள் கோமளம். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாசிலாமணி தரையில் குப்புறப் படுத்தார். தோள் வரை கையை உள்ளே விட்டார். எட்டவில்லை.

"வெல்லம். வெல்லம்மா. வாடா. இங்க பாரு, உனக்காக என்னென்ன செஞ்சு வச்சிருக்கேன். வாடா கண்ணு."

அந்தக் குரலை மடத்தில் யாரும் கேட்டதில்லை. கூடத்தின் பக்கமிருந்து மற்ற சீடர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஓசையில்லாமல் விலகிப் போனார்கள்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா விறகுக் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வேறு இடத்தில் அடுக்கத் தொடங்கினார். கோமளமும் சேர்ந்துகொண்டாள். இழுக்கவில்லை, உருட்டவில்லை. சத்தம் கேட்டு அது பயந்துவிடக் கூடாதே என்று தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பாத்திரம் எடுத்து வைப்பது போல வைத்தார்கள். பாதி அடுக்கு குறைந்தபோது வெல்லம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஓட முயற்சி செய்யவில்லை.

மாலைத் தியானத்துக்கு மணி அடித்தது. கோமளம் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

மாசிலாமணி அம்மாவைப் பார்த்தார். "நீங்க போங்கம்மா. நீங்க இல்லாம அவங்க தொடங்க மாட்டாங்க."

"கோமளம் தொடங்கி வைப்பாங்க," என்றார் அம்மா. அவரும் தரையில் உட்கார்ந்தார்.

மாசிலாமணி பூனையைத் துண்டோடு மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சட்டியிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்தார். மூக்கின் பக்கத்தில் கொண்டுபோனார். வெல்லம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"குடிக்கல."

"ம்."

"கடைசிப் பஸ் எப்ப?"

"இன்னும் நேரம் இருக்கு. திரும்ப வைங்க."

இரண்டாவது ஸ்பூன் மீசையில் பட்டு வழிந்தது. அவர் தன் வேட்டியால் துடைத்துவிட்டார். மூன்றாவது ஸ்பூனை வாயில் வைக்கவில்லை, விரலைத் தோய்த்து மூக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தார்.

வெல்லம் தும்மியது. பிறகு நாக்கு வெளியே வந்தது. சிறிய, வறண்ட நாக்கு. மூக்கை ஒருமுறை நக்கியது. யோசித்தது. இன்னொருமுறை நக்கியது. அப்புறம் தலையைத் திருப்பி, அவர் விரலைத் தேடி வந்து நக்கியது.

"அம்மா."

"பாத்தேன் ஐயா. ஸ்பூன்ல குடுங்க."

ஸ்பூனில் இருந்ததை அது நக்கிக் குடித்தது. தானாக. பொழுது இன்னும் சாயவில்லை. குடித்த பிறகு வயிற்றில் நிற்கிறதா என்று இருவரும் காத்திருந்தார்கள். நின்றது. அடுத்த ஸ்பூனுக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

மாசிலாமணி அந்த ஸ்பூனை நிரப்பினார். பாதி வழியிலேயே சிந்திவிட்டது. மறுபடி நிரப்பினார். மறுபடியும் சிந்தியது. கை அப்படி நடுங்கியது.

"இது என்னம்மா? குடிச்சிருச்சே. இனிமே பயமில்லைன்னு டாக்டரே சொன்னாங்க. இப்பப் போய்க் கை நடுங்குதே."

மாசிலாமணி துண்டை இழுத்துப் பூனையின் முதுகை மூடினார்.

"இன்னைக்குப் பிழைச்சிருச்சு. நாளைக்கு ரோட்டுக்குப் போகும். மழையில நனையும். நாய் துரத்தும். ஒவ்வொரு தடவையும் நான் இப்படியே இருப்பேனா? பயமே இல்லாம ஒரு உயிரை வளர்க்கிறது எப்படிம்மா? அதை மட்டும் சொல்லிக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அம்மா தன் வலது கையை அவர் முன்னால் நீட்டினார். காவித் துணியின் ஓரத்துக்கு வெளியே அந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"காலையில நீங்க கூடத்துக்குள்ள வந்து நின்னதுல இருந்து இப்படித்தான் இருக்கு ஐயா," என்றார். "அதான் பஸ்ஸுல ஜன்னல் கம்பியை விடல."

மாசிலாமணி அந்தக் கையையே பார்த்தார்.

"அப்போ நான் என்னம்மா செய்யட்டும்?"

"ஸ்பூன் பிடிச்ச கைக்கு அடியில இன்னொரு கையைக் குடுங்க. அப்படித்தான். கொஞ்சம் மேல தூக்குங்க, அதுக்கு எட்டல."